ஒரு கட்டைச் சுருதிக்கு அடியில் கேட்ட முனகல்

சோமனூருக்கும் பல்லடத்துக்கும் இடையில், விசைத்தறிக் கூடங்கள் சூழ்ந்த ஊரில் எங்கள் வீடு இருக்கிறது. தறி ஓடும்போது இசை கேட்பது கடினம் என்பதால், வார நாள்களில் இரவு சன்னல்களைச் சாத்திக்கொண்டும், தறிகள் நின்றிருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் திறந்துவைத்துக்கொண்டும் கேட்பது வழக்கம். அப்பா சேர்த்து வைத்த நாகஸ்வர, வாய்ப்பாட்டு இசைத்தட்டுகளைக் கேட்பதற்காகவே ஒரு டர்ன்டேபிள், அதன் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் ஃபோனோ ஆம்ப்ளிஃபையர், வட்ட வடிவ டிரான்ஸ்ஃபார்மர் கொண்ட ஓர் ஆம்ப்ளிஃபையர், ஒரு ஜோடி ஸ்பீக்கர் ஆகியவற்றை வாங்கியிருந்தேன். தொலைக்காட்சியின் ஒலியும் இதே ஆம்ப்ளிஃபையர் வழியாகத்தான் வரும்.

முதல் நாளிலிருந்தே ஸ்பீக்கரில் ஒரு முனகல் இருந்தது. ஒரு கட்டைச் சுருதியில், அதாவது மேற்கத்திய இசையின் 'சி'யில், பாடும் வித்துவானின் தட்டைப் போட்டால்தான் அது எவ்வளவு கெடுதல் என்று புரியும். அந்தச் சுருதிக்குச் சேர்த்த ஆண்குரல் தம்புராவின் பஞ்சமத் தந்தி ஏறத்தாழ 98 ஹெர்ட்ஸில் ஒலிக்கும். நம் மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். முனகலில் ஓங்கி ஒலித்தது அதன் இரட்டிப்பான 100. இரண்டும் சேரும்போது நொடிக்கு இரண்டு முறை ஏறி இறங்கும் ஓர் அலைவு உண்டாகிறது. பாடகர் மூச்சு வாங்கும் இடைவெளியில், தம்புரா மட்டும் நிற்கும் அந்தக் கணத்தில், சுருதியே கலைந்ததுபோல் கேட்கும். இந்த இடைவெளிகளுக்காகவே இசைத்தட்டு கேட்பவன் நான் என்பதால், இதைச் சகித்துக்கொள்ள மனம் ஒப்பவில்லை.

விசாரித்த இடங்களில் எல்லாம் தடித்த பவர் கேபிளையும், மின்சாரத்தின் இரைச்சலை வடிகட்டும் பவர் கண்டிஷனரையும் வாங்கச் சொன்னார்கள். இரண்டும் சேர்ந்து ஆம்ப்ளிஃபையரின் விலையைத் தாண்டின. வாங்குவதற்கு முன் என் வீட்டு மின்சாரத்துக்கு என்ன நோய் என்று அளந்து பார்த்துவிடலாம் என முடிவு செய்தேன். ஒரு நல்ல மல்டிமீட்டரும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதுமானவையாக இருந்தன.

பத்து நாள்கள், விடியற்காலை முதல் இரவு வரை, அறையின் சாக்கெட்டில் மின்னழுத்தத்தைக் குறித்தேன். தறிகளும் தோட்டத்து நீர்மூழ்கி மோட்டார்களும் ஒன்றாக ஓடும் முன்மாலையில் 204 வோல்ட். ஞாயிறு விடியலில் 248. எண்களைப் பார்த்ததும் ஸ்டெபிலைசர் வாங்கத்தான் கை பரபரத்தது. ஆனால் கணக்குப் போட்டால் வேறு விதமாகத் தெரிந்தது. 230க்கு வடிவமைத்த சாதாரண ஆம்ப்ளிஃபையருக்கு 204 கிடைத்தால், அதன் உச்ச வெளியீட்டுத் திறன் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையும். காதுக்கு அது ஒரு டெசிபெல் மட்டுமே. நான் கேட்கும் அளவில் ஆம்ப்ளிஃபையர் உச்சத்தை நெருங்குவதே இல்லை. ஆகவே ஏற்ற இறக்கத்தைத் தற்காலிகமாக ஒதுக்கிவைத்தேன். என்னை உறுத்தியது வேறொன்று: வீட்டில் மிக்ஸி ஓடினாலே இந்த அறையின் அழுத்தம் சட்டென்று சரிந்தது.

இதற்கு நான் செய்த சோதனை மிக எளிமையானது. ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டியை அந்த அறையின் பிளக் பாயிண்டில் சொருகி, போடுவதற்கு முன்பும் போட்ட பின்பும் பக்கத்து சாக்கெட்டில் அழுத்தத்தை அளந்தேன். 226 ஆக இருந்தது 215 ஆக விழுந்தது. இஸ்திரிப் பெட்டி அப்போது இழுக்கும் மின்னோட்டம் நான்கு ஆம்பியருக்குச் சற்று மேல். பதினொரு வோல்ட்டை நான்கு ஆம்பியரால் வகுத்தால், மெயின் போர்டிலிருந்து இந்த அறை வரையிலான பாதையில் 2.7 ஓம் மின்தடை ஒளிந்திருப்பது தெரிகிறது. சுவருக்குள் போன பழைய ஒயர் 1.5 சதுர மில்லிமீட்டர். தூரம் இருபது மீட்டர். அந்தத் தடிமன் செம்பு கிலோமீட்டருக்கு 12.1 ஓம். போக இருபது, வர இருபது என நாற்பது மீட்டருக்கு அரை ஓம்கூட வராது. மீதமுள்ள இரண்டு ஓமுக்கும் மேலான தடை ஏதோ ஓர் இணைப்பில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

எங்கள் ஊர் எலக்ட்ரீஷியன் அண்ணனை அழைத்து, மெயினை அணைத்துவிட்டு போர்டைத் திறந்தோம். நியூட்ரல் ஒயர்கள் எல்லாம் வந்து சேரும் பித்தளைக் கட்டையில் ஒரு திருகு தளர்ந்திருந்தது. அதன் கீழிருந்த ஒயரின் உறை கருகி, செம்பு கறுத்துப் போயிருந்தது. அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, "நல்ல வேளைங்க, இது இந்த ஒரு லைனோட போச்சு. மெயின் நியூட்ரல் இப்படி விட்டிருந்தா வீட்டுல ஒரு சாமானும் மிஞ்சியிருக்காதுங்க" என்றார். அவர் சொன்னது முழு உண்மை. மூன்று ஃபேஸ் இணைப்புள்ள வீட்டில் பொது நியூட்ரல் விட்டுப்போனால், சுமை குறைந்த ஃபேஸில் இருக்கும் கருவிகளுக்கு 400 வோல்ட்டை நெருங்கும் அழுத்தம் போய்விடக்கூடும். தடித்த பவர் கேபிளாலும் அதைத் தடுக்க முடியாது. 275 வோல்ட்டுக்கான பாதுகாப்புத் துண்டு வைத்த கண்டிஷனர்களில் அந்தத் துண்டுதான் முதலில் கருகும்.

கருகிய நுனியை வெட்டி, புதிதாக லக் எனும் உலோக முனை அடித்து, எல்லாத் திருகுகளையும் இறுக்கிய பின் அதே இஸ்திரிப் பெட்டிச் சோதனையில் 226 ஆனது 223.5 ஆக மட்டுமே இறங்கியது. தடை 0.6 ஓம். இதற்குப் பிறகு, ஒலியமைப்புக்கென்று போர்டிலிருந்து தனியாக 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் இழுத்து, மின்னோட்டம் மிஞ்சினால் தானே துண்டிக்கும் தனி 16 ஆம்பியர் எம்.சி.பி. வைத்து, பித்தளைப் பிடிப்பு இறுக்கமாக இருக்கும் 16 ஆம்பியர் சாக்கெட்டுகள் மூன்று போட்டோம். வீழ்ச்சி 1.2 வோல்ட்டுக்கு வந்தது. ஆம்ப்ளிஃபையர்கள் மின்சாரத்தைச் சீராக இழுப்பதில்லை. அலையின் உச்சியில் மட்டும், சராசரியைப் போல் பல மடங்கு, குட்டிக் குட்டி விழுங்கல்களாக இழுக்கும். பாதையின் தடை குறைவதன் பலன் அந்த உச்சியில்தான் இருக்கிறது. சுவருக்குள் இருபது மீட்டர் மெல்லிய ஒயரை விட்டுவிட்டு, வெளியே தெரியும் இரண்டு மீட்டருக்கு மட்டும் செலவழிப்பதை என்னால் இனி நினைத்துப் பார்க்கவே முடியாது.

அடுத்தது எர்த். இதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் பக்கத்து வீடுகள் பலவற்றிலும் இதே நிலைதான் இருக்கிறது. ஆம்ப்ளிஃபையரின் உலோக உடலை வெறுங்காலுடன் தொட்டால் விரல் நுனியில் சுர்ரென்று ஓர் உணர்வு வரும். கருவிகளின் உள்ளே இரைச்சலை வடிகட்ட வைத்திருக்கும் சிறு மின்தேக்கிகள் ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் உலோக உடலுக்குப் போகின்றன. எர்த் இணைந்திருந்தால் அந்த மிகச் சிறிய கசிவு மண்ணுக்குப் போய்விடும், இணையாவிட்டால் உடல் பாதி அழுத்தத்தில் மிதக்கும். பழைய சாக்கெட்டின் எர்த் துளைக்குள் ஒயரே போகவில்லை என்பதைத் திறந்து பார்த்தபோதுதான் கண்டேன்.

புது லைனில் எர்த் ஒயர் போட்டாயிற்று. ஆனால் அந்த ஒயர் போய்ச் சேரும் குழி எப்படி இருக்கிறது? வழக்கம்போல் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையில் 100 வாட் குண்டு பல்பைப் போட்டுப் பார்த்தோம், பிரகாசமாக எரிந்தது. அண்ணனும் நானும் திருப்தியடைந்திருப்போம், ஆனால் அவருக்குத் தெரிந்த ஒருவரிடம் எர்த் டெஸ்டர் இருந்ததால் இரவல் வாங்கி அளந்தோம். 62 ஓம் காட்டியது. 100 வாட் பல்பின் தடையே 529 ஓம். அதோடு 62 ஓம் தொடராகச் சேர்ந்தாலும் பல்புக்கு 206 வோல்ட் கிடைத்துவிடுகிறது. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் ஆம்ப்ளிஃபையரின் உடலில் ஃபேஸ் ஒயர் பட்டுவிட்டால், 62 ஓம் வழியாக ஓடும் மின்னோட்டம் நான்கு ஆம்பியரைக்கூட எட்டாது. 16 ஆம்பியர் எம்.சி.பி. அதற்கு அசையாது, உடல் முழு அழுத்தத்தோடு நின்றுகொண்டிருக்கும். பல்பு எரிந்தால் எர்த் நன்றாக இருக்கிறது என்று நம்பிய அத்தனை வருடங்களையும் நினைத்து அன்று எனக்கு நடுக்கமாக இருந்தது. அன்றே, மின்கசிவைக் கண்டால் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றைப் போர்டில் ஏற்றினோம். எர்த் மோசமாக இருந்தாலும் அது துண்டித்துக் காப்பாற்றும். அதைப் பொருத்திய பின் பல்புச் சோதனையைச் செய்ய முடியாது, பல்பைத் தொட வைத்த உடனே டிரிப் ஆகிவிடும்.

குழி தோண்டுவதுதான் பெரும்பாடு. எங்கள் மண் செம்மண். முழ ஆழத்துக்குக் கீழே சுக்காங்கல். கடப்பாரை போட்டால் தீப்பொறி பறக்கும். மாசி மாதத்தில், ஈரம் சுத்தமாக வற்றிய நிலையில், இரண்டு ஆட்கள் ஒன்றரை நாள் தோண்டினார்கள். இரண்டரை மீட்டர் ஜி.ஐ. குழாயை இறக்கி, கரியும் உப்பும் அடுக்கடுக்காகப் போட்டு, மேலே தண்ணீர் ஊற்றப் புனல் வைத்து, சிமெண்ட் தொட்டி கட்டி மூடினோம். ஒரு குழி போதவில்லை. 19 ஓமில் நின்றது. நான்கு மீட்டர் தள்ளி இன்னொன்று போட்டு இரண்டையும் தடித்த ஜி.ஐ. பட்டையால் இணைத்த பிறகு 9 ஓமுக்கு வந்தது. ஒலியமைப்புக்கு மட்டும் இந்தப் புதுக் குழிகளைத் தனியாகக் கொடுத்துவிடுங்கள், வீட்டு எர்த்தோடு சேர்க்காதீர்கள் என்று ஒரு நண்பர் வற்புறுத்தினார். நான் கேட்கவில்லை. இடி விழும் நேரத்தில் இரண்டு தனி எர்த்துகளுக்கு இடையே ஆயிரக்கணக்கான வோல்ட் வித்தியாசம் உண்டாகலாம்; அது நம் கருவிகளின் வழியாகத்தான் சமன்படும். பழைய குழி, புதுக் குழிகள் அனைத்தும் மெயின் போர்டில் ஒரே பட்டையில் சேர்ந்திருக்கின்றன.

இவ்வளவும் செய்து முடித்து, ஆவலோடு தட்டைப் போட்டால், முனகல் அப்படியே இருந்தது. சொல்லப்போனால் சற்றுக் கூடியிருந்தது. உடல் சுர்ரென்பது நின்றுவிட்டது, மிக்ஸி போட்டாலும் அழுத்தம் அசையவில்லை, ஆனால் தம்புராவுக்கு அடியில் அதே 100 ஹெர்ட்ஸ். எர்த் குழியின் தரத்துக்கும் ஸ்பீக்கர் முனகலுக்கும் நேரடித் தொடர்பு மிகக் குறைவு என்பதை இந்த இடத்தில்தான் உணர்ந்தேன். முனகலுக்குக் காரணம், இரண்டு கருவிகளின் உடல்களுக்கு இடையே இருக்கும் சிறு அழுத்த வித்தியாசத்தால், சிக்னல் கேபிளின் உலோக உறை வழியாக மின்னோட்டம் ஓடுவதுதான்.

கண்டுபிடிக்கும் முறை பொறுமையைக் கேட்பது. வேறு சிரமம் இல்லை. எல்லாக் கருவிகளையும் கழற்றிவிட்டு ஆம்ப்ளிஃபையரை மட்டும் ஓடவிட்டேன்: நிசப்தம். ஃபோனோவைச் சேர்த்தேன்: காதை ஸ்பீக்கரில் வைத்தால் மட்டும் கேட்கும் மெல்லிய ஒலி, டர்ன்டேபிளிலிருந்து வரும் தனி எர்த் ஒயரின் கொக்கியைத் துருநீக்கி இறுக்கியதும் அதுவும் அடங்கியது. தொலைக்காட்சியின் செட்டாப் பெட்டியைச் சேர்த்தேன்: முழு முனகலும் வந்து நின்றது. பெட்டிக்கு வரும் கோஆக்சியல் கேபிளைக் கழற்றினால் முனகல் போய்விடுகிறது, மாட்டினால் வருகிறது. தெருக் கம்பம் வழியாக வரும் அந்தக் கேபிளின் உலோக உறை வேறெங்கோ மண்ணைத் தொட்டுக்கொண்டிருக்க, என் ஆம்ப்ளிஃபையர் இப்போது என் குழியில் தொட்டுக்கொண்டிருக்கிறது. இரண்டுக்கும் இடையில் ஒரு வளையம். முன்பு எர்த்தே இல்லாதபோது வளையம் அரைகுறையாக இருந்தது, எர்த் போட்டதும் முழுமையடைந்தது. அதனால்தான் ஒலி கூடியது. செட்டாப் பெட்டியிலிருந்து ஆம்ப்ளிஃபையருக்கு ஆப்டிகல் கேபிள் போட்டேன். ஒளியில் செம்பு இல்லை, வளையமும் இல்லை. முனகல் அந்தக் கணமே நின்றது.

இதே கட்டத்தில் பலர் செய்யும் ஒரு காரியத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பிளக்கின் எர்த் முள்ளைப் பிடுங்கிவிட்டாலும் முனகல் நிற்கும். அதைச் செய்யவே கூடாது. குழந்தைகள் நடமாடும் வீட்டில், கையெட்டும் உயரத்தில் இருக்கும் உலோகப் பெட்டி அது.

பவர் கேபிளுக்கு வருகிறேன். கோயம்புத்தூரிலிருக்கும் நண்பர் ஒருவர் தம்முடைய விலையுயர்ந்த கேபிளை இரண்டு வாரங்களுக்குக் கொடுத்து உதவினார். அதற்கு எதிராக வைக்க நானே ஒன்று செய்தேன்: 1.5 சதுர மில்லிமீட்டர் மூன்று கோர் ஒயர் இரண்டு மீட்டர், ஒரு முனையில் 16 ஆம்பியர் மூன்று முள் பிளக், மறுமுனையில் கம்ப்யூட்டர்களுக்கு வருவது போன்ற 10 ஆம்பியர் கனெக்டர். அந்த இரண்டு மீட்டருக்குப் போகவும் வரவும் சேர்ந்த மின்தடை நூறில் ஐந்து ஓம். ஆம்ப்ளிஃபையர் இரண்டு ஆம்பியர் இழுத்தால் இழப்பு பத்தில் ஒரு வோல்ட். ஒயர் வாங்கும்போது நுனியைச் சீவி இழைகளை எண்ணிப் பார்த்தேன். கால் மில்லிமீட்டர் விட்டமுள்ள இழைகள் முப்பது இருந்தால் 1.5 சரியாக வரும். முதலில் பார்த்த மலிவு ஒயரில் இருபதுகூட இல்லை. ஓர் இழையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாக இருந்தது, செம்புப் பூச்சு போட்ட அலுமினியம். ஐ.எஸ்.ஐ. முத்திரை, ஒயரின் மீதே அச்சிட்ட ஐ.எஸ். 694 எண், இழைகளின் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் பார்த்து வாங்கினால் போதும்.

மச்சானும் நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை திரைக்கு முன்னால் உட்கார்ந்துகொள்ள, என் அக்கா மகன் பின்னால் நாணயம் சுண்டி எந்தக் கேபிள் என்று தீர்மானித்து மாட்டினான். இருபது முறை. நான் பதினொன்றைச் சரியாகச் சொன்னேன், மச்சான் ஒன்பதை. தற்செயலாகச் சொன்னாலே பத்து வரும். மச்சான் நல்ல காதுள்ளவர், ராகத்தை இரண்டு பிடியில் சொல்பவர். கேபிளை நன்றியோடு திருப்பிக் கொடுத்தேன். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் பவர் கேபிளின் கிடப்பு காதுக்குத் தெரிந்தது: அதை ஃபோனோ கேபிளுக்கு இணையாக ஒட்டிப் போட்டால் மெல்லிய முனகல் வந்தது, ஒரு சாண் விலக்கி, கடக்க வேண்டிய இடத்தில் குறுக்காகப் போட்டால் போய்விட்டது. இசைத்தட்டின் சிக்னல் சில மில்லிவோல்ட் அளவே. அதோடு, ஃபோனோ ஆம்ப்ளிஃபையர், தட்டில் தணித்துப் பதித்த கீழ்ச் சுரங்களைத் திருப்பி உயர்த்தும்போது 50 ஹெர்ட்ஸை நடு அதிர்வெண்களைவிட ஏழு மடங்கு பெருக்குகிறது. ஆகவே அந்த இடத்தில் ஒரு சாண் என்பது பெரிய தூரம்.

மீதமிருந்தவை இரண்டு தொல்லைகள். சில மாலைகளில் ஆம்ப்ளிஃபையரின் பெட்டியே, ஸ்பீக்கரில் எதுவும் இல்லாமல், வண்டுபோல் ரீங்கரிக்கும். தறிக்கூடத்தில் ஸ்டார்ட்டர் விழும்போது இசைத்தட்டில் 'டிக்' என்று ஒரு சொடுக்கு வரும். முதலாவதற்குக் காரணம் மகளின் தலைமுடி உலர்த்தி என்று தேதி குறித்துப் பார்த்துக் கண்டேன். குறைந்த வேகத்தில் அது ஒரு டையோடு வழியாக அலையின் ஒரு பாதியை மட்டும் இழுக்கிறது. அதனால் லைனில் கால் வோல்ட் அளவுக்கு டி.சி. எனும் நேர்திசை மின்னழுத்தம் சேர்கிறது. வட்ட டிரான்ஸ்ஃபார்மரின் இடைவெளியில்லாத இரும்புக் கோர் அவ்வளவுக்கே திணறி அதிரும். பொறியாளரான நண்பர், தடித்த டையோடு பாலமும் பெரிய மின்தேக்கிகளும் வைத்து உலோகப் பெட்டிக்குள் ஒரு தடுப்பான் கட்டிக்கொடுத்தார். வண்டு போயிற்று.

சொடுக்குக்குத்தான் கண்டிஷனர் பற்றிய கேள்வி மறுபடி வந்தது. இரவல் வாங்கிய கண்டிஷனர் சொடுக்கைப் பாதியாகக் குறைத்தது. அதைவிட, உள்ளே வரும் சுற்றையும் வெளியே போகும் சுற்றையும் நேரடித் தொடர்பின்றிப் பிரித்து, அவற்றுக்கு நடுவே செம்புத் தகட்டுத் திரை வைத்த ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் நன்றாக வேலை செய்யும் என்று எனக்குப் பட்டது. 1932இல் பைக்காரா மின்சாரம் வந்ததைத் தொடர்ந்து ஆலைகளும் பம்பு மோட்டார்த் தொழிலும் பெருகிய ஊர் கோவை. சுற்றுவதற்கு ஆள் தேட வேண்டியதில்லை. கணபதிப் பக்கம் மோட்டார் சுற்றும் பட்டறை ஒன்றில் விவரம் சொன்னேன். ஒரு கே.வி.ஏ., அதாவது ஏறத்தாழ ஆயிரம் வாட் அளவில் சுற்றி எல்லாவற்றையும் அதில் போடலாம் என்பது என் முதல் எண்ணம். இஸ்திரிப் பெட்டிக் கணக்கை இதற்கும் போட்டுப் பார்த்தபோது மனம் மாறியது: முழுச் சுமையில் நான்கு சதவீதம் அழுத்தம் இறங்கும் ஒரு கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர் என்றால், இரண்டு ஓம் தடையைத் தொடராகச் சேர்ப்பதற்குச் சமம். கருகிய நியூட்ரலைச் சரிசெய்து நீக்கிய அதே அளவை நானே காசு கொடுத்துத் திருப்பி வைப்பதாகும். எனவே 300 வி.ஏ. அளவில் சிறியதாகச் சுற்றச் சொல்லி, டர்ன்டேபிளையும் ஃபோனோவையும் மட்டும் அதில் விட்டேன். ஆம்ப்ளிஃபையர் தடுப்பான் வழியாக நேராகத் தனி லைனிலேயே ஓடுகிறது. டிரான்ஸ்ஃபார்மரின் வெளிச்சுற்றில் ஒரு முனையை எர்த்தோடு சேர்த்து, அதற்கப்பால் தனி எம்.சி.பி.யும் ஆர்.சி.சி.பி.யும் வைத்தோம், முன்னாலிருக்கும் ஆர்.சி.சி.பி.க்கு டிரான்ஸ்ஃபார்மருக்குப் பின்னால் நடப்பது தெரியாது. டிரான்ஸ்ஃபார்மர் சற்றே இரையும் என்பதால் திண்ணைப் பக்கத்துச் சுவரில், கம்பி வலைக் கூண்டுக்குள் இருக்கிறது. சொடுக்கு இப்போது தேடினாலும் கிடைப்பதில்லை.

ஸ்டெபிலைசர் வாங்கவில்லை. ரிலே வகை ஒவ்வொரு படி மாறும்போதும் சொடுக்கும்; சர்வோ வகையின் கார்பன் பிரஷ் ஊர்ந்துகொண்டே இருக்கும். அதற்குப் பதிலாக 190க்குக் கீழும் 260க்கு மேலும் போனால் துண்டிக்கும் ஒரு சாதனத்தையும், ஐப்பசி, கார்த்திகை இடிமழையை எண்ணி மெயின் போர்டில் திடீர் மின்னழுத்த எழுச்சியைத் தடுக்கும் சர்ஜ் தடுப்பானையும் வைத்தேன்.

ஐப்பசி மழைக்குப் பிறகு எர்த் குழிகள் 5 ஓம் காட்டின. இந்தச் சித்திரையில் மறுபடி 11க்கு ஏறியிருந்தது. சனிக்கிழமைதோறும் சாயங்காலம் ஆளுக்கு இரண்டு குடம் தண்ணீரைப் புனலில் ஊற்றுகிறோம், மூன்றாவது வாரம் 8 ஆக இறங்கியிருக்கிறது. அடுத்த ஞாயிறு, மச்சான் வரும்போது, அந்த ஒரு கட்டைத் தட்டைத் தொடக்கத்திலிருந்து போடவேண்டும் என்று எடுத்து வைத்திருக்கிறேன்.